வண்டியின் முதல் ஆள், எங்கள் அக்கா

அக்கா கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், மூன்றாம் வகுப்போடு நின்ற நான் பேனா பிடிக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜீப் ஓட்டுவதில் என்னிடம் பிழை கண்டவர் இந்த அடிவாரத்தில் இல்லை.

அக்கா பிறந்தது சந்தவாசல் பக்கம். சின்ன வயதிலேயே கணவரை, என் மாமாவை, பறிகொடுத்தார். கூலிக்குப் புளி உடைத்து என்னை ஆளாக்கினார். எழுபதுகளில் நான் பழைய ஜீப் வாங்கியபோது தன் பங்கு நிலத்தை விற்றுக் கொடுத்தவரும் அவரே. வண்டி படுத்தால் இரண்டு குடும்பமும் தெருவில்தான்.

அப்போது பார்த்து, மலைக்கு ஆள் ஏற்றும் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் புது ஜீப் இரண்டோடு ஒரு முதலாளி மகன் வந்து இறங்கினார். காலேஜ் படித்தவர். என்னைக் காட்டித் தன் டிரைவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ‘அவுட்லாஸ்ட்’ என்ற சொல் மட்டும் அக்கா காதில் நின்றது. வண்டிக்கு வந்த வாத்தியாரிடம் பொருள் கேட்டார்.

“உன் தம்பி ஓஞ்சி போன பிறகும் நாங்க நிப்போம்னு சொல்றாரும்மா.”

“நிக்கட்டும் சார். நான் குந்திக்கினு இருக்கேன்.”

எங்கள் ஸ்டாண்டில் காலி வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். ஆள் இருக்கிற வண்டிதான் முதலில் கிளம்பும் என்று அதில்தான் ஏறுவார்கள். மறுநாள் விடிந்ததும் அக்கா மடியில் புளியோடு என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள் ஏறினார்கள். கடைசி ஆள் வந்ததும் இறங்கி, தன் இடத்தைக் கொடுத்துவிடுவார்.

எதிர் டிரைவர் சும்மா விடவில்லை. “இன்னா ஆயா, வண்டியிலியே குடித்தனமா?”

“ஆமாம்பா. கதவு இல்லாத வூடு, காத்து நல்லா வருது.”

முதலாளி மகனும் கூலிக்கு ஆள் வைத்து உட்காரவைத்தார். கூலி ஆள் டீ குடிக்க இறங்குவான். அக்கா இறங்கமாட்டார். சில மழைக்காலம் போனது. முதலாளி மகன் இரண்டு வண்டியையும் விற்றுவிட்டுப் போனார். இன்று எனக்கு மூன்று ஜீப். மலைமேல் நெல்லிவாசல் வரைக்கும் என் வண்டியில் ஏறாத குடும்பம் இல்லை.

அக்காவின் கடைசி நாட்களில் கூடவே இருந்த நர்சம்மாக்களுக்கும், ஜெபித்த சபை ஐயருக்கும், ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்த ஸ்டாண்ட் டிரைவர்களுக்கும், மாலையோடு வந்து நின்ற அந்த முதலாளி மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்கத்தன்று ஒருவர் என் தோளைத் தட்டி, அக்காவையும் நான் அவுட்லாஸ்ட் பண்ணிவிட்டதாகச் சொன்னார். அந்தச் சொல்லை எப்படிப் போடுவது என்று வாத்தியார், அக்கா பொருள் கேட்ட அன்றைக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார். தாங்குவதைத் தனி ஆளாகத் தாங்கலாம். அவுட்லாஸ்ட் பண்ண எதிரில் ஒருவர் வேண்டும். அக்கா எந்நாளும் எனக்கு எதிரில் நின்றவர் அல்ல. எனக்கு இடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.