பம்பாயில் இருக்கிறார்

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், வெள்ளிக்கிழமை மதியம் நாலு பெண்கள் கூடினால் பேச்சு எப்படியும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? ஒருத்தி வீடு கட்ட என்பாள், ஒருத்தி பிள்ளைகள் படிப்புக்கு என்பாள், ஒருத்தி நாத்தனார் கல்யாணம் என்பாள். என் முறை வரும்போது, "பயந்துகிட்டு வந்தோம்" என்பேன். சிரிப்பார்கள். நான் ஒன்றும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர்கள் யாரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்புக்குள் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

என் கணவர் அங்கே பவர் பிரஸ், அதாவது இரும்புத் தகட்டை அடித்து வெட்டுகிற மெஷின், ஓட்டினார். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் இருக்கிற பட்டன்களை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே இருக்காது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஒழுங்காக வேலை செய்தால் சூப்பர்வைசர் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகி அமுக்கினபடியே விட்டுவிடுவார்கள். ஒரு கை பட்டனில், இன்னொரு கை அச்சுக்கு அடியில். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அந்தப் பக்கம் வரும்போது மட்டும் சூப்பர்வைசர் கூரையைப் பார்த்துக்கொண்டே நடப்பாராம்.

இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து, சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்தும்போது நான் முகத்தைப் பார்த்ததில்லை. கையைத்தான் பார்ப்பேன். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன், காது சைக்கிள் மணிக்கே காத்திருக்கும்.

பக்கத்து மெஷின்காரர் எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். அவருக்கு ஒரு நாள் மூன்று விரல்கள் போய்விட்டன. அன்றைக்கு என் கணவர் சோற்றில் கை வைத்தவர், வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார்: "பத்து வெரலும் நல்லா கீது பாரு, இப்பவே போயிடணும். துபாய் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ல ஆள் எடுக்கறாங்களாம். ஏஜென்ட்டு ஒருத்தன் கீறான்."

சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். துபாய் பற்றி நான் கேள்விப்பட்டிருந்ததும் நல்லதாக இல்லை. தோட்ட வேலை என்று கூட்டிப்போய் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டார்கள் என்று ஒரு கதை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அங்கேயிருந்து பெட்டி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். டிவிப் பெட்டி இல்லை. இந்தப் பக்கம் ஒரு பயம், அந்தப் பக்கம் ஒரு பயம். தினமும் பயப்படுவதற்கு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிற பயம் தேவலை என்று சரி சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருவில் வெளிநாடு போகிறவர்கள் யாரும் சொல்லிவிட்டுப் போனதில்லை. போய் இறங்கி, வேலையில் சேர்ந்து, முதல் போன் வந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். முன்னாலேயே சொன்னால் கண் பட்டு, காரியம் கெட்டுவிடும். இதில் இந்து, கிறிஸ்தவர் வித்தியாசமெல்லாம் கிடையாது. மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் தெருக்காரர்கள் கண்ணுக்கு அதே அளவு பயந்தார்கள்.

என் மாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "யாரு கேட்டாலும் பம்பாய்க்கு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லு. பக்கத்து ஊட்டுக்காரனும் பம்பாய்தான் போயிருக்கான். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க." முழுப் பொய்யும் இல்லை, விமானம் பம்பாய் வழியாகத்தான் போயிற்று.

சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, மளிகைப் பையில் வைத்து, காட்டுப்பாக்கத்தில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கேயிருந்துதான் அவர் ஏர்போர்ட் போவதாக இருந்தது. கிளம்புகிற நாள் காலையில் அவர் வழக்கம்போல நீல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டார். டிபன் கேரியரில் தயிர்சாதம் வைத்தேன். எதிர்வீட்டு அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். எப்போது திரும்பி வருவார், வருவாரா என்று தெரியாத புருஷனிடம் நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வர்றப்போ ஒரு தேங்கா வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர், "சரி சரி" என்று சைக்கிளை மிதித்துப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை, ஃபாக்டரிக்குப் போகிறவன் எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறான். கதவைச் சாத்திக்கொண்டு முந்தானையை வாயில் வைத்து அழுதேன்.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்வதாக ஏற்பாடு. எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் போன் இருந்தது. ஆனால் கடைக்காரருக்குக் காது நீளம் என்பதால், நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நம்பரை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துக் காட்டுப்பாக்கம் போவேன். நாத்தனார் தெருமுனையிலேயே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடுவாள். "இன்னும் ஒண்ணும் வரல அண்ணி." தீபாவளி போயிற்று. கார்த்திகை போயிற்று. ஏஜென்ட்டின் ரூமுக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே வேறு யாரோ டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களின் பயத்தை எப்படிச் சொல்வது. கை போய்விடுமோ என்று பயந்த காலத்தில் சாயங்காலமானால் ஒரு முடிவு தெரிந்துவிடும். இதற்குச் சாயங்காலமே கிடையாது. ஆள் இருக்கிறாரா, இல்லையா? யாரிடம் கேட்பது? கேட்க வாயைத் திறந்தால் பம்பாய்ப் பொய் உடைந்துவிடும். கண் பட்டு, கொஞ்சநஞ்சம் இருக்கிற நம்பிக்கையும் போய்விடுமோ என்று பயந்தேன். குழாயடியில் யாராவது, "இன்னாமா, பம்பாய் ஒத்துக்கிச்சா உன் ஊட்டுக்காரருக்கு?" என்று கேட்டால், "ஒத்துக்கிச்சு, சப்பாத்திதான் புடிக்கலையாம்" என்று சிரிப்பேன். இதுமாதிரி சின்னச் சின்னதாக எவ்வளவு அளந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

அப்போதுதான் பம்பாயில் கலவரம் மூண்டது.

டிவியில் காட்டினார்கள். எரிகிற பஸ், ஓடுகிற ஜனம். மறுநாள் மதியத்துக்குள் தெருவில் பாதிப் பெண்கள் என் வீட்டில் இருந்தார்கள். ஒருவர் பேப்பரைக் கொண்டுவந்து படித்தார். ஒருவர் என் தலையைத் தடவினார். எதிர்வீட்டு அம்மா வாய்விட்டே அழுதார். "பச்சக் கொயந்தய வெச்சிகினு இந்தப் பொண்ணு இன்னா பண்ணும்!" பக்கத்து வீட்டு அக்காவையும் கையைப் பிடித்து அழைத்துவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் புருஷன் வெல்டர். என் கணவருக்கு முன்னாலேயே, கோடைக்காலத்தில், பம்பாய் போனவர். அக்கா கையில் ஜெபமாலை இருந்தது.

போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெரியவர் வந்து, "அழுதுகினே இருந்தா ஆச்சா? ரெண்டு பேரும் பம்பாய் அட்ரஸக் குடுங்க. தந்தி அடிச்சிட்டு வந்துட்றேன்" என்றார்.

"அட்ரஸ் தெரியாதுங்க" என்றேன். அதே நேரத்தில் அக்காவும், "அட்ரஸ் இல்லீங்க" என்றார்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். வீடு முழுக்க அழுகை. பம்பாய்க்காகப் பதற வேண்டிய எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் பொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அடிப்பாவி, நீயுமா என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார். இனி அழாமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று இருவரும் சேர்ந்து அழ ஆரம்பித்தோம். ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அக்கா என்னைத் தன் வீட்டு அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "எங்க கீறாரு?" என்றார்.

"துபாய் பக்கம். உங்களவரு?"

"அங்கதான்."

அதே ஏஜென்ட். அதே ரூம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, இருவரும் வாயை மூடிக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறோம். அக்கா முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என் கணவரை அந்த ஆளிடம் அனுப்பியே இருக்க மாட்டேன். அந்தக் கோபம் எனக்கு வந்தது, மறைப்பானேன். ஆனால் அக்கா அடுத்துச் சொன்னதில் அந்தக் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"வேளாங்கண்ணில கொடி ஏத்தின அன்னிக்கி எங்க பெரியக்கா ஊட்டுக்கு போன் பண்ணாரு. பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிகினாங்களாம். சொன்ன வேல இல்லியாம், சம்பளம் குடுக்கலியாம். இந்தக் கம்பெனில கீற முடியாது, வெளிய போயிட்றேன்னாரு. அதோட செரி. ஒரு தகவலும் இல்ல."

வேளாங்கண்ணிக் கொடி ஆவணியில் ஏறும். அப்போது மார்கழி. பாஸ்போர்ட் இல்லாத ஒரு ஆள், பாஷை தெரியாத ஊரில், வெளியே போய்விட்டார். எங்கே போயிருப்பார்? அக்காவின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் என்னோடு காட்டுப்பாக்கம் வந்தார். பூசை முடிந்து, முக்காட்டோடு அப்படியே பஸ் ஏறிவிடுவார். தெரு எங்களைப் பரிதாபத்தோடு வழியனுப்பி வைத்தது. பொங்கல் கழித்து ஒரு மதியம், நாங்கள் நாத்தனார் வீட்டில் இருக்கும்போதே, பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்கள். போன்.

அவர் குரல்தான். ஊருக்கு வெளியே ஒரு கேம்ப்பில் போட்டுவிட்டார்களாம், போனுக்கு வழியே இல்லையாம். இப்போது வேறு கம்பெனிக்கு மாற்றி ஸ்டோரிலேயே போட்டிருக்கிறார்களாம். "நல்லா கீறேன். அழாத, காசு போவுது" என்றார். அக்கா ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தம்பி, எங்க ஊட்டுக்காரர எங்கனா பாத்தியாப்பா?" என்றார். அங்கேயிருந்து என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா, "கேட்டுப் பாரு தம்பி, கேட்டுப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், லைன் போன பிறகும்.

அன்று சாயங்காலமே என் மாமியார் துபாய் விஷயத்தைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டிலும் ஒரு பம்பாய் இருந்தது.

அக்கா மட்டும் சொல்லவில்லை. வருஷம் ஓடியது. என் கணவர் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார், ஒரு துப்பும் கிடைக்கவில்லை. நான் அக்காவிடம் சண்டையே போட்டேன். "கோயில்ல சொல்லுங்கக்கா, தெருவுல சொல்லுங்க. பத்துப் பேருக்குத் தெரிஞ்சா யாராவது ஒருத்தர் பாத்திருப்பாங்க. இன்னும் இன்னா கண்ணு படப்போவுது?" அக்காவோ, யாராவது கேட்டால், "பம்பாய்லதான் கீறாரு, லீவு குடுக்க மாட்டேங்கறாங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று நினைப்பேன்.

சில வருஷம் கழித்து எனக்கும் குழந்தைக்கும் விசா வந்தது. என் கணவர் மாதிரி நான் ஒளிந்துகொண்டு போகவில்லை. பட்டப்பகலில் வேன் வந்து நின்றது, தெருவே வாசலில் நின்றது. முகம் சிரித்தாலும் உள்ளே பயம்தான். மனிதர்களை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத ஊர் அது என்றுதான் எனக்குத் தெரியும். குழந்தையின் கையை அழுத்திப் பிடித்ததில் அது, "வலிக்குதும்மா" என்றது.

அக்கா கூட்டத்தில் நிற்கவில்லை. தன் வீட்டுக்குள்ளிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். போனேன். என் நெற்றியில் சிலுவை போட்டார். போட்டோ ஏதாவது கொடுப்பார், தேடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி, என் காதருகே வந்து பேசினார்.

"எங்கனா அவரப் பாத்தீன்னா, ஏன் வரலன்னு மட்டும் கேக்காத. இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. எல்லாரும் பம்பாய்லதான் கீறாருன்னு நெனச்சிகினு கீறாங்க, நான் இன்னிக்கு வரிக்கும் அப்டியேதான் சொல்லிகினு வரேன்னு சொல்லு. வெறுங்கையோட வந்தாலும் யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. பயப்படாம வரச் சொல்லு."