கப்பித்தானோ தந்த பியூஸ் போத்தல்

எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், இன்னொரு கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. உள்ளே சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று சின்னச் சின்னத் துண்டுகள். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இனிப்பு என்று நினைத்துக் கையை நீட்டுவார்கள். "ஐயோ, வையுங்கோ! அது தின்னுற சாமான் இல்லை, கார் பியூஸ்" என்று பாய்ந்து பறிப்பேன். குசினிக்குள் பியூசுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் பொறுமை வந்ததில்லை. போன கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இத்தாலியில், பலெர்மோவில் லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு வயதான மனிதரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இளமையில் சரக்குக் கப்பல் ஓட்டியவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் வடக்கே இருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவர் 'கப்பித்தானோ'தான், கப்டன் என்று அர்த்தம், எனக்கும் அப்படித்தான். நல்ல மனிதர், ஆனால் பொல்லாத பிடிவாதம். ஒருநாள் கோப்பிக்குச் சீனி என்று உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். வாயில் வைத்ததும் முகம் கோணியதை நான் கண்டேன். கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்துவிட்டு, கப்பலில் இப்படித்தான் குடிப்போம் என்றாரே பார்க்கலாம்! பிழை விட்டேன் என்ற ஒரு சொல் அந்த வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு கேம்பர் இருந்தது. கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. அது பெரிது, கடற்கரை ஊர்களின் ஒடுங்கிய தெருக்களுக்குள் நுழையாது. ஆகவே தன்னுடைய சின்னக் காரைப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு முக்கோண இரும்புச் சட்டம் வாங்கி வந்தார். அப்படி இழுக்க இங்கே சட்டம் விடுமா என்று கேட்டேன். கடலுக்குச் சட்டமா என்றார். நாங்கள் நின்றது தரையில் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்படிக் காரை இழுத்தால் மட்டும் போதாது. முன்னால் போகிற வண்டி பிரேக் போட்டாலோ சிக்னல் போட்டாலோ, பின்னால் வருகிற காரின் லைற்றுகளும் அதே நேரத்தில் எரிய வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் வருகிறவன் வந்து மோதிவிடுவான். அதற்கு ஏழு வயரை ஒன்றாகச் சேர்த்த ஒரு கேபிளைக் கேம்பரிலிருந்து காருக்கு இழுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் லைற்றில் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய நான் கூட்டிக்கொண்டு வந்தது என் அண்ணையை. யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்கு வயரிங் செய்தவர். இங்கே எத்தனையோ வருடம் சாப்பாட்டுக் கடைகளில் பீங்கான் கழுவிவிட்டு, அப்போதுதான் போர்கோ வெக்கியோவில் ஒரு கராஜில் கார்களின் கறண்டு வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வேலை ஒப்பந்தத்தை வைத்துத்தான் அவருடைய பெர்மெஸ்ஸோவும், இங்கே இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், புதுப்பிக்க வேண்டியிருந்தது. இது எனக்காக ஞாயிற்றுக்கிழமை செய்து தந்த உதவி. அதற்கு ரசீதும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! எங்கள் ஊர் வீட்டு வயரிங்கில் பச்சை என்றால் எர்த். அண்ணை யோசிக்காமல் பச்சை வயரைக் காரின் இரும்பு உடம்பில் முறுக்கிவிட்டார். "வேர்தே, தெஸ்த்ரா!" என்று கத்தினார் கப்பித்தானோ. பச்சை என்றால் வலது. கப்பலின் வலப்பக்கத்தில் எரிவது பச்சை லைற்றாம், இந்தக் கேபிளிலும் வலது சிக்னலுக்குரியது பச்சைதானாம். "ஏன் கத்துறார்? பச்சை எர்த்துத்தானே" என்று அண்ணை என்னைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்து என் தொண்டை வற்றிப்போனது. கடைசியில் வலது சிக்னலைப் போட்டுப் பார்த்தார்கள். பட்டென்று பியூஸ் போய்விட்டது.

கையில் வேறு பியூஸ் இல்லை. அண்ணை சட்டைப் பையிலிருந்து மெல்லிய செப்பு இழை ஒன்றை எடுத்து, எரிந்த பியூசின் இரண்டு காலிலும் சுற்றிப் போட்டார். பிழையான வயரை மாற்றி லைற்றெல்லாம் எரிகிறதா என்று பார்த்து முடிக்கும்வரைக்கும்தான். கப்பித்தானோ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அண்ணை தன் உடைந்த இத்தாலியனில் சண்டைக் காலத்துக் கதை சொன்னார். கறண்டு இல்லை, பற்றறி கொண்டுவரத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம், பியூஸ் போனால் இந்த இழைதான். கப்பித்தானோவுக்கு அந்தக் கதை அப்படிப் பிடித்துக்கொண்டது. "கெட்டிக்காரச் சனமப்பா" என்று அண்ணையின் முதுகில் தட்டினார். மற்ற நாள் அண்ணை சரியான பியூசை வாங்கி வந்து, இழையைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைப் போட்டுக் கொடுத்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கோடையில் மெசீனாப் பக்கம் புறப்பட்டோம். அவரைத் தனியே விட மகளுக்குப் பயம், அதனால் நானும் கூடவே போனேன். வழியில் கேபிள் தொய்ந்து றோட்டில் தேய்ந்திருக்கிறது, மேல்தோல் போய் வயர் இரும்பில் பட்டிருக்கிறது. ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தியபோது பின் லைற்றுகள் எரியவில்லை. வயர் சூடாகமுன்னம் தான் எரிந்து கறண்டை வெட்டுவதுதான் பியூசின் வேலை, அதைச் சரியாகச் செய்து செத்துப்போயிருந்தது. கப்பித்தானோ இறங்கிப் போய் எதையோ நோண்டிவிட்டு, கள்ளச் சிரிப்போடு ஏறினார். "உன்ரை அண்ணை மாதிரிச் செய்துபோட்டன்" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

செஃபலூ தாண்டிக் கொஞ்சத் தூரம். பக்கத்தில் முந்துகிறவன் எல்லாம் ஹோர்ன் அடித்தான். கப்பித்தானோ ஒவ்வொருவனுக்கும் கை காட்டினார். நான் எழும்பிப் பின் கண்ணாடியால் பார்த்தேன். காரின் முன்மூடிக்குள்ளிருந்து கரும்புகை, அதற்குக் கீழே நெருப்பு. கொஞ்சத் தூரத்தில் சுரங்கப் பாதை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. என் வாயில் இத்தாலியனும் வரவில்லை, தமிழும் வரவில்லை. "கப்பித்தானோ! கப்பித்தானோ!" என்று அவருடைய தோளைப் பிடித்து உலுப்பினேன். எப்படி நிறுத்தினார், எப்படி அந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றினார், இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாங்கள் கேம்பரை முன்னால் எடுத்துவிட்டு இறங்கிப் பார்க்க, அந்தச் சின்னக் கார் எங்கள் கண் முன்னால் கொழுந்துவிட்டு எரிந்தது. நான் வேலியோரம் குந்திவிட்டேன்.

நெருப்பு அணைந்த பிறகு பொலிஸ்காரன் கேட்ட முதல் கேள்வி, வயரிங் செய்தது யார் என்பதுதான். கேட்டுவிட்டு, என்னத்துக்கோ என்னைப் பார்த்தான். ரசீது இல்லாத வேலை. கராஜ் முதலாளியின் காதில் விழுந்தால் அண்ணையின் வேலை போகும், வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும். நடந்ததை நான் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? வெளிநாட்டுக்காரி, அதுவும் வயரிங் செய்தவனுடைய தங்கச்சி. இந்த மனிதனோ, உப்புக் கோப்பி குடித்து முடித்த மனிதன்.

கப்பித்தானோ தொப்பியைக் கழற்றினார். "லைற் வேலை செய்தவன் பியூஸ் போட்டுச் சரியாத்தான் தந்தவன். வழியிலை அது போச்சு. செப்புக் கம்பி சுத்திப் போட்டது நான். பிழை என்ரை" என்றார். பொலிஸ்காரனுக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. "இந்த விசர் வேலையை எங்கை பழகினாய்?" என்று கத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கப்பலிலை" என்றார் கப்பித்தானோ.

அந்த ஒரு சொல் என்னை உலுக்கிய மாதிரி அந்த நெருப்பும் உலுக்கவில்லை. பச்சைப் பொய். அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணையின் பெயரை ஒருவரும் கேட்கவுமில்லை, எழுதவுமில்லை. கப்பித்தானோவின் சாரதிப் பத்திரத்தை மட்டும் பறித்தார்கள். அந்த வயதில் அதைத் திருப்பிக் கொடுப்பார்களா? கேம்பர் முற்றத்தில் தூசி பிடித்துக்கொண்டு நின்றது. அவர் காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் போய் ஓட்டுநர் இருக்கையில் இருந்துவிட்டு வருவார்.

நடந்ததைக் கேட்ட அண்ணை பேயறைந்தவர் மாதிரி நிலத்தில் இருந்துவிட்டார். "நான்தானே அந்த மனுசனுக்குக் காட்டிக் குடுத்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மற்ற நாள் என்னோடு வந்து, கப்பித்தானோவின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கப்பித்தானோ உள்ளே போய், எல்லா நிறத்திலும் பியூஸ் நிறைந்த இந்தப் போத்தலைக் கொண்டு வந்து அண்ணையின் கையில் வைத்தார். "உங்கடை ஊரிலை சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்?" என்று கேட்டார்.

"கனகாலம்" என்றார் அண்ணை.

"அப்ப இனிப் பியூஸ் போடு" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அண்ணைக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து போத்தலை என்னிடம் தந்து, எங்கேயாவது எட்டத்தில் வை என்றார். அவர் இருப்பதும் எங்களோடுதான், ஆனாலும் அதை அவர் தொட்டதில்லை, நிமிர்ந்து பார்த்ததுமில்லை. கப்பித்தானோ காலமானபோதும் தொடவில்லை. செப்பு இழையும் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் எடுத்து வெளியே வைப்பது நான்தானே, எனக்குத் தெரியாதா?

போன கிழமை, வாசலில் நிறுத்தியிருந்த அண்ணையின் வான் வண்டியில் சிக்னல் வேலை செய்யவில்லை. குனிந்து பார்த்தார், பியூஸ் போயிருந்தது. அவருடைய கை சட்டைப் பைக்குப் போனதை நான் மேலே யன்னலில் நின்று கண்டேன். போன கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் படியேறி வந்தார். நேரே குசினிக்குள் போய், மேல்தட்டிலிருந்து போத்தலை எடுத்து, இறுகிப்போயிருந்த மூடியைச் சேலைத்துணி ஒன்றால் பிடித்துத் திறந்து, நீலத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

போத்தலைத் திரும்ப மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் வைக்கும்போது பார்த்தேன். அந்தச் செப்பு இழையை அண்ணை தட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.