டப்பாவின் மேல் ஊற்றிய பால்

தொண்டியில் என் அக்கா வாசனைத் தேயிலை விற்கப் போகிறாள் என்றதும் தெருவே ஆர்வமாக வந்து எட்டிப் பார்த்தது. "என்னத்தா, தூளா இல்லாம சருகா கெடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனது. அவளுடைய மாமியார் மட்டும் பெரிய மனது பண்ணி வீட்டின் முன்னறையைக் கொடுத்திருந்தார். முதல் ஆர்டர் முடியும் வரைதான். அது சொதப்பினால் அறை வாடகைக்குப் போய்விடும், அக்கா அடுப்படிக்குப் போய்விடுவாள். இதை அவர் மிகுந்த அன்போடுதான் சொன்னார்.

முதல் ஆர்டர் ஒரு கல்யாண வீடு. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு செம்பருத்தித் தேயிலை டப்பா. டப்பாவுக்குப் படம் போட்டது நான். படித்த படிப்பையெல்லாம் கொட்டி, காரங்காட்டு அலையாத்திக் காடு, நடுவே ஒரு படகு, படகுப் பலகையில் கண்ணாடிக் கோப்பை, அதில் நல்ல சிவப்பில் தேநீர் என்று வரைந்தேன். அந்தச் சிவப்பு வருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கல்யாணப் பெண்ணின் அம்மா அந்தச் சிவப்பைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏத்தா, பால எங்க?"

"இதுக்குப் பால் ஊத்தக் கூடாது, சித்தி" என்றேன்.

"பாலில்லாம எழவு வீட்லதான குடுப்பாக? கல்யாணத்துக்கு வந்தவுக கையில இதக் குடுத்தா என்ன நெனப்பாக?"

அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். ஆர்டர் போய்விடும் என்று அர்த்தம். கிள்ளு வாங்கிய பிறகு கலையாவது ஒன்றாவது. சிவப்பின் மேல் வெள்ளையைக் கலந்தேன். கோப்பை பஸ் ஸ்டாண்ட் டீ நிறத்துக்கு வந்தது. அந்த அம்மாள் முகம் மலர்ந்து நுரையும் கேட்டார். நுரையும் போட்டேன். பால் சேர்க்க வேண்டாம் என்று பின்பக்கம் தெளிவாக அச்சடித்திருந்தோம். நம் ஜனங்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பார்கள் என்று நம்பிய அப்பாவிகள் நாங்கள் இருவர்தான்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. மறுநாள் காலை ஊரே படத்தில் உள்ளபடி டீ போட்டது. செம்பருத்திப் புளிப்பில் பால் என்ன செய்யும்? திரிந்தது. வீட்டுக்கு வீடு திரிந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் திரிந்தது. கல்யாணமான மறுநாளே பால் திரிந்தால் என்ன அர்த்தம் என்று விளக்கம் சொல்ல எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது.

அக்காவின் போன் ஓயவில்லை. "நுரை நல்லா வந்துச்சான்னு கேளு" என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஒவ்வொருவரிடமும் பால் வேண்டாம், வெந்நீர் மட்டும் என்று பொறுமையாகச் சொல்லிச் சொல்லி அவளுக்குக் குரல் கட்டிவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

மத்தியானம் மாமியார் வந்து நின்றார். வாடகைக்கு வருபவரின் கட்டில் எங்கே போடலாம் என்பது போல அறையைக் கண்ணாலேயே அளந்தார்.

அக்கா போனைக் காதில் வைத்தபடியே அவருக்குக் கை காட்டினாள். "சத்த இருங்க அயித்த, உப்பூர்ல ஒரு கல்யாணத்துக்குக் கேக்காக... ஆமாங்க, பால் ஊத்தாத டீதான். படமும் அப்படித்தான் இருக்கும். இஷ்டம்னா வாங்குங்க."

மாமியார் அளந்ததை நிறுத்திவிட்டு உள்ளே போனார். நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போன் சார்ஜ் தீர்ந்து எப்போதோ அணைந்திருந்தது. அதைக் காதிலிருந்து எடுக்காமலே, "என்னையவே என்ன பாக்குற? வரைய ஆரம்பி" என்றாள்.