பனி என்று போய்ச் சொன்னேன்

போடிச் சந்தைக்குப் பக்கத்துத் திடலில் சர்க்கஸ்காரர்கள் கூடாரம் போட்டு, அவர்கள் கூட்டிவந்த ஒட்டகம் மூன்றாம் நாளே செத்துப்போனது அல்லவா, அந்த வருஷம். ஒட்டகத்துக்கு எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. காலை மடக்கிப் புதைக்கலாம் என்று ஒரு கூட்டமும் மடக்கக் கூடாது என்று ஒரு கூட்டமும் கை கலக்கப் பார்த்தார்களாம். நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டதுதான். அது ஐப்பசி. நான் சொல்ல வந்தது அதற்கடுத்த மார்கழியில் நடந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். பத்தாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் எழுதிவைக்க ஆளில்லை.

நாங்கள் இருந்தது மலை மேலே, போடிமெட்டு தாண்டி, ஏலத்தோட்டத்துப் பங்களாவில். ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. அவன் போன பிறகு போடியில் பெரிய வீடு என்று சொல்லப்பட்ட குடும்பம் அதை வாங்கியது. துரை போனானே தவிர அவன் போட்ட சட்டங்கள் போகவில்லை. முன்பக்கப் படியில் வேலைக்காரர்கள் கால் வைக்கக் கூடாது. மேசையில் பரிமாறுகிறவன் வெள்ளைக் கோட்டும் விசிறி வைத்த தலைப்பாகையும் போட்டிருக்க வேண்டும். ஊற்றுவது ரசம்தான் என்றாலும் கோட்டு வேண்டும். குசினி, அதாவது சமையற்கட்டு, சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது, இருமினால்கூடக் கேட்கும். ஆனாலும் மணி அடித்துத்தான் கூப்பிடுவார்கள்.

சமைத்துவிட்டு அந்தக் கோட்டை மாட்டிப் பரிமாறியவர் என் அப்பா. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், மலையாளம் பேசுகிறவர். அம்மா கீழே போடிப் பக்கம், சிலமலைக்காரி. ஏலக்காய் எடுக்க மேலே வந்தவள், பங்களாவில் வீட்டு வேலைக்கு நின்றாள். இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று ஆரம்பித்தால் இந்தக் கதை நின்றுபோகும். அவர்களுக்குப் பிறந்த எனக்கு நாக்கில் இரண்டு பாஷையும் ஒரே சட்டியில் கிடந்தன. பொழுது சாய்ந்ததும் மரத்துக்கு நடுவே புகை மாதிரி இறங்கி வருமே, அது எனக்கு மஞ்சு. உடம்பு கொதித்தால் அது பனி. அப்பா அப்படித்தான் சொல்வார், தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். போடியில் உடம்பு கொதித்தால் அதற்குக் காய்ச்சல் என்று பெயர், பனி என்றால் மேலேயிருந்து இறங்குவது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அந்த ஆவணியில்தான் பங்களாவில் இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரிய வீட்டு மகனுக்கு, சின்ன எசமானருக்கு, கல்யாணமாகி, சின்ன எசமானி பங்களாவுக்கு வந்தார். இருபது வயதுகூட இராது. சின்ன எசமானர் பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்ட பெண். அவருடைய அம்மாவுக்கு, போடியில் இருந்த பெரிய எசமானிக்கு, அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. பெண் வீடு அந்தஸ்தில் குறைவாம். நாலு மாதமாகியும் ஒரு நல்ல வார்த்தை மலையேறி வரவில்லை. சின்ன எசமானிக்கு அது பெரிய குறை. பேச ஆளில்லாமல் குசினிக்கு வந்துவிடுவார். அரிசிப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, இதற்கு உங்க பாஷையில என்ன, அதற்கு என்ன என்று அப்பாவைக் கேட்பார். எசமானி குசினிக்குள் வருவது துரைச் சட்டத்தில் இல்லாததால் அப்பா அந்த நேரத்திலும் ஓடிப்போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்று பதில் சொல்வார்.

மார்கழியில் சின்ன எசமானர் ஜீப்பை எடுத்துக்கொண்டு கோட்டயத்துக்கு ஒரு சோலியாகப் போனார். வர நாலைந்து நாளாகும். அவர் போன அன்று சாயங்காலமே சின்ன எசமானி உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் அப்பா அறை வாசலில் நின்று, "பனி உண்டோ அம்மே?" என்று கேட்டார். சின்ன எசமானி தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து, "ஆமா, வெளிய ஒண்ணுமே தெரியலையே" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, அவரு ஒங்க காச்சலைக் கேக்குறாரு!" என்று விளக்கியதும் சின்ன எசமானியும் சிரித்தார். அன்று முழுவதும், "எனக்குப் பனி, பனி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்தேன். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்துக் கம்பவுண்டர் ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்துவிட்டு, மாலை போட்டிருந்தவர் சபரிமலைக்குப் போய்விட்டார். சின்ன எசமானிக்கு மூச்சு இழுத்தது. என் அம்மாவையே அம்மா அம்மா என்று கூப்பிட்டார். அவரை விட்டு அம்மாவால் நகர முடியவில்லை. எசமானர் உத்தரவில்லாமல் அப்பா பங்களாவை விட்டுப் போக முடியாது. அந்த நேரத்தில் கீழே போகும் லோடு ஜீப்பு ஒன்று வந்தது. அப்பா ஓடிப்போய் அதை நிறுத்தி, ஏலக்காய் மூட்டை மேல் என்னைத் தூக்கிப் போட்டார்.

"பெரிய வீட்டுல போயி, சின்ன எசமானிக்குப் பனி, ரொம்பக் கூடுதல்னு சொல்லு. அத்ர மதி."

அவ்வளவு போதும் என்றுதான் அவர் நினைத்தார். டாக்டரைக் கூட்டிவாருங்கள் என்று பெரிய வீட்டுக்கு ஒரு குசினிக்காரன் சொல்லலாமா? இன்னது நடந்தது என்று சொல்வது நம் வேலை, என்ன செய்வது என்பது அவர்கள் வேலை. அப்படியே பழகிய மனுஷன்.

ஜீப்புக்காரர் ராசிங்காபுரத்து ஆள். "ஏ மாப்ளே, கெட்டியாப் புடிச்சுக்க. விழுந்தா திரும்பி வந்து பொறுக்க எனக்கு நேரமில்ல" என்று சொல்லிக் கொண்டை ஊசி வளைவுகளில் பறந்தார். பெரிய வீட்டுத் தெருமுனையில் என்னை இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார்.

வாசலில் மீசைக்காரக் காவலாள் ஒருவர். "யார்றா நீ?"

"பங்களாக் குசினிக்காரரு மகன். சின்ன எசமானிக்குப் பனி. ரொம்பக் கூடுதல்."

அந்த வீட்டில் ஒரு சேதி நேராக நடந்து போகாது. காவலாள் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் நிறுத்தி, உள்வீட்டில் வேலை பார்த்த ஒரு அம்மாளைக் கூப்பிட்டார். "மலையில பனி சாஸ்தியாம். சின்னவுகளால தாங்க முடியலையாம்" என்றார். அந்த அம்மாள் உள்ளே போய், "சின்னவுகளுக்கு அந்தப் பனி ஒத்துக்கலையாம்மா. இங்கிட்டே வந்துர்றேங்கிறாக போல" என்று சொன்னது கொல்லை வரை கேட்டது. நான் ஒவ்வொரு வாயிலும் பனி என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேட்டேன். இருந்தது. சேதி சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி.

பெரிய எசமானியே வெளியே வந்துவிட்டார். இடுப்பில் சாவிக்கொத்து. நல்ல உயரம்.

"மார்கழியில மலையில பனி விழாமப் பன்னீரா தெளிப்பாக? நாலு மாசம் ஆகல, அதுக்குள்ள ஆளனுப்புறாளாக்கும்!" பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் வந்தவனா? போயி அவகிட்டச் சொல்லு. நானும் அந்தப் பங்களாவுல பனியில கெடந்தவதான். எவரும் வந்து எட்டிப் பாக்கலன்னு சொல்லு."

உள்ளே போனவர் ஒரு சால்வையோடு வந்தார். கருஞ்சிவப்பு, ஓரத்தில் பூவேலை, அந்துருண்டை வாசனை. "இதப் போத்திக்கிட்டுக் கெடக்கச் சொல்லு" என்று என் தோளில் போட்டார். போட்டார் என்பதைவிட எறிந்தார் என்றால் சரியாக இருக்கும்.

அவர் முகத்தில் கோபம் இருந்தது எனக்கும் தெரிந்தது. ஆனால் பெரிய மனுஷர்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், இவருக்கும் அதே பங்களாவில் பனி வந்து, பார்க்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறாரே என்று இரக்கமாக இருந்தது. பெரிய வீட்டு ஜீப்பு அரிசி மூட்டையோடு மேலே போகக் கிளம்பியது, அதில் என்னையும் ஏற்றிவிட்டார்கள். மறந்துவிடக் கூடாதென்று வளைவுக்கு வளைவு அவர் சொன்னதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

குசினி வாசலில் அப்பா காத்திருந்தார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். "டாக்டர் எவிடெடா?"

"சால்வை கொடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அம்மா ஈரத் துணியால் சின்ன எசமானியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சால்வையைக் கட்டிலில் வைத்து, மனப்பாடம் பண்ணியதைச் சொன்னேன். "பெரிய எசமானி இதைப் போத்திக்கிட்டுப் படுக்கச் சொன்னாங்க. அவங்களும் இந்தப் பங்களாவுல பனியில கெடந்தவங்கதானாம். எவரும் வந்து எட்டிப் பாக்கலையாம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

சின்ன எசமானி கண்ணைத் திறந்தார். "அத்தையா? அத்தைக்கும் இங்க பனி வந்துச்சா?" எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. சால்வையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லச் சொன்னாகளா? எங்கிட்டயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அழுகிறாரா இல்லை சுரத்தில் கண் கலங்கியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா என் காதைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போனாள். "அங்க போயி என்னடா சொன்ன?"

"பனின்னு."

அம்மா என்னை விட்டுவிட்டு அப்பா மேல் பாய்ந்தாள். "யோவ்! போடியில போயிப் பனின்னா எவனுக்குய்யா வெளங்கும்? காச்சல்னு சொல்லிவிட வாய் வலிச்சுச்சா? அன்னைக்கு அந்தச் சிரிப்புச் சிரிச்சமே!"

அப்பா கையில் கரண்டியோடு நின்றார். "ஆ வாக்கு நாவுல வந்தில்ல" என்றார். அந்த வார்த்தை நாக்கில் வரவில்லையாம்.

ஜீப்பில் அப்போதுதான் மூட்டை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். "மூட்டை கெடக்கட்டும், வெரசாத் திருப்புங்கண்ணே" என்று அம்மா ஏறி உட்கார்ந்தாள். சீலை முந்தி நனைந்து சொட்டியது. பெரிய வீட்டில் அவள் செய்ததை அந்த டிரைவர் பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார். முன்வாசல் படியிலேயே ஏறினாளாம். காவலாள் கையைப் பிடித்ததை உதறிவிட்டு நடுக்கூடத்தில் நின்று, "பனியில்லம்மா, காச்சலு! மூணு நாளாக் காச்சலு! ஒங்க மருமக பேச்சு மூச்சில்லாமக் கெடக்கு!" என்று கத்தினாளாம்.

பெரிய எசமானி செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்புக்கு வந்தார். டாக்டர் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அவரை முன்னால் உட்கார வைத்து, தான் பின்னால் வந்து அம்மாவுக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். வழி நெடுகிலும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "சால்வையப் போத்துனாளா?"

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, நாளைக்கு என்றால் கையை விரித்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன எசமானி மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, நீங்களும் இங்க காச்சல்ல கெடந்தீகளாமே. ஒருத்தருமே வந்து பாக்கலையாமே. இந்தப் பய வந்து சொன்னான்."

வெந்நீரோடு வந்த அப்பா வாசலில் நின்றுவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போகும்போதும் வரும்போதும் சேதியைக் கெடுத்துவிட்டேன் என்பது அதற்குள் எனக்கு விளங்கியிருந்தது. அம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்தேன். பெரிய எசமானி என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே எதுவுமே தெரியாதபடி மஞ்சு.

"ஆமாத்தா" என்றார். "கெடந்தேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சால்வையை மருமகளின் கழுத்து வரை இழுத்துவிட்டார். பதினோரு நாள் அந்த அறையிலேயே தங்கியிருந்து, மருமகள் எழுந்து நடந்த பிறகுதான் கீழே இறங்கினார்.

காய்ச்சலில் கிடந்ததாகச் சொன்ன அந்தப் பொய்யை அவர் எனக்காகத்தான் சொன்னார் என்று நான் நம்பினேன். ஒரு குசினிக்காரன் மகன் அடி வாங்கக் கூடாதென்று இவ்வளவு பெரிய மனுஷி பொய் சொன்னாரே என்று நெஞ்சு நிறைந்து, அவர் கிளம்பிய அன்று அவருடைய செருப்பை ஈரத் துணியால் மூன்று தடவை துடைத்து வைத்தேன். வெகுகாலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, என் வீட்டுக்கும் ஒரு மருமகள் வந்த பிறகுதான், அந்த நேரத்தில் அவர் நினைப்பில் நான் இருந்திருக்கவே மாட்டேன் என்று பட்டது. அது பொய்தானா என்பதும் இப்போது எனக்கு நிச்சயமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், அதே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவர் எப்படிக் கிடந்தார் என்று யார் கண்டது.

பெரிய எசமானி காலமாகி ரொம்ப வருஷமாகிறது. சின்ன எசமானி மதுரையில் மகனோடு இருக்கிறார் என்று கேள்வி. சால்வையை இன்னும் வைத்திருக்கிறாராம். காய்ச்சல் என்று காதில் விழுந்ததுமே மாமியார் தன் சால்வையை எடுத்துக் கொடுத்தனுப்பினார் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறாராம். உங்களில் யாராவது அவரைப் பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வார்த்தையை மாற்றியது நான்தான். சால்வை வந்தது கோபத்தில். ஆனால் அந்த 'ஆமாத்தா'வை நான் நாலடி தள்ளி நின்று என் காதால் கேட்டேன், அதில் கோபமில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள்.