அரை அங்குலம்

சண்டைக் காலத்தில் சிம்மக்கல்லில் தையல் கடை வைத்திருந்தேன். மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, சட்டையைக் கழற்றி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒட்டிய கன்னம், எலும்பு தெரியும் தோள். நெஞ்சளவு பத்தவில்லை என்று பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்காகவே விடியற்காலையில் வைகை மணலில் தண்டால் எடுத்தார். நான் டேப் பிடித்து அளந்து சொல்வேன்.

"இன்னும் அரை அங்குலம்தான் மாப்ள, விட்டுறாத. உடம்பு வலிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வலிக்குதுண்ணே. படுத்துக்கலாம்னு தோணும். அங்க மூணு வேளையும் சோறுன்னு நினைச்சுக்குவேன். கை தானா மண்ணுல ஊனிரும்."

சித்திரையில் அளவு சரியாக வந்தது.

"எடுத்துட்டாகண்ணே! பர்மாப் பக்கம்னு பேசிக்கிறாக. போயிட்டு வாரேன்," என்று சிரித்தார்.

அவருக்கு முன்னால் போனவர்களின் வீடுகளில் அழுகுரல் கேட்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. ஆனாலும் முதுகில் தட்டித்தான் அனுப்பினேன்.

பிறகு அவரிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. அவரோடு வரிசையில் நின்று, அளவு பத்தாமல் திரும்பி வந்த இரண்டு பேர், சண்டை முடிந்து பல வருஷம் அதே மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.