அம்மன் பாவாடையும் அறுந்த நூலும்

எங்கள் வீட்டில் கரண்டில் ஓடும் பவர் தையல் மிஷினுக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் வீடு. எனக்கு எட்டு வயது. மிஷினுக்குப் பொட்டு வைக்கும் வேலையை அம்மா என்னிடம் விட்டிருந்தாள். தெய்வ காரியம் அல்லவா, ஓர் இடம் விடாமல் சந்தனம் வைத்தேன். நூலை இறுக்கிப் பிடிக்க முன்பக்கம் இரண்டு சின்னத் தட்டுகள் ஒட்டினாற்போல் இருக்கும். அந்த இடுக்கிலும் விரல் நுனியால் அப்பிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. எதிர்வீட்டு அக்காவின் கைக்குழந்தை காய்ச்சலிலிருந்து பிழைத்தால் சமயபுரத்து அம்மனுக்குச் சிவப்புப் பாவாடை சாத்துவதாக நேர்ந்திருந்தார்கள். தைத்துக் கொடுப்பது அம்மா. இரண்டு மணிக்கு எல்லோரும் நடந்து கிளம்ப வேண்டும். அம்மா சாமி கும்பிட்டுவிட்டு முதல் தையல் போட்டாள். நாலு விரற்கடை ஓடியதும் நூல் பட்டென்று அறுந்தது. கோத்தாள், அறுந்தது. ஊசியை மாற்றினாள், நூல்கண்டை மாற்றினாள். அறுந்துகொண்டே இருந்தது. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள்.

சுண்டல் சாப்பிட வந்திருந்த சித்தப்பாவுக்குப் பாலக்கரையில் தையல்கடை.

"மிதிக்கிற மிஷின்னு நெனச்சீங்களா அண்ணி? இது உங்களுக்கு அடங்காது. துணியக் குடுங்க, நான் முடிச்சுத் தரேன். மிஷினும் கடையிலேயே இருக்கட்டும்."

அப்பா சுண்டலில் கவனமாக இருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. அறுந்தா எங்கேயோ பிடிக்குதுன்னு அர்த்தம்" என்றாள் அம்மா. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு நூலைக் கையால் இழுத்தாள். பாதம் தூக்கியிருந்தால் நூல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். வரவில்லை. ஊசியிலிருந்து பின்னோக்கி, நூல் போகும் ஒவ்வோர் இடமாகக் கழற்றி இழுத்துப் பார்த்தாள். தட்டுகளில் வந்து பிடித்துக்கொண்டது. திருகாணியைக் கழற்றினாள். இரண்டு தட்டும் ஒன்றாக வந்தன. நடுவே என் சந்தனம், கல்லாகக் காய்ந்து.

"என்ன அண்ணி அது?"

அம்மா சட்டென்று நகத்தால் சுரண்டி முந்தானையால் துடைத்தாள். "தூசி, தம்பி."

அப்புறம் ஓடியது பாருங்கள்! ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, சரிகைக்கரை முழுக்க, ஓர் இடத்திலும் அறுபடாமல். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மிஷினத் தூக்க வண்டி வரச் சொல்லவாண்ணே?" என்று சித்தப்பாவைக் கேட்டும்விட்டாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "கடையில ஒரு மிஷின் இப்படித்தான் படுத்துது. நாளைக்கு ஒரு எட்டு வந்து பாருங்களேன் அண்ணி."

நானும் அவர்களோடு சமயபுரத்துக்குப் போனேன், பாதி தூரம் அப்பாவின் தோளில். பொய்யே பேசாத அம்மா அன்று யாருக்காகப் பேசினாள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? கோபம்தான் வந்தது. அந்தச் சிவப்புப் பாவாடையில் அம்மன் ஜொலித்தபோது, நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன்:

"தாயே, உன் சந்தனத்தப் போய் தூசின்னு சொல்லிட்டாங்க. எங்கம்மாவ மன்னிச்சிடு."