டியூபா கடையில் நான் வைத்த தேர்வு

எஃப் சுருதியில் ஒலிக்கும் பெரிய பித்தளை ஊதுகருவியான எஃப் டியூபா ஒன்று புதிதாக வாங்குவது என் ஆறு மாத ஆசை. ஒப்பிட்டுப் பார்க்க, சர்ச் பேண்டில் ஊதும் என் பழைய டியூபாவையும் தூக்கிக்கொண்டு, இன்று மனைவியுடன் ஓசூரிலிருந்து பெங்களூருக் கடைக்குப் போனேன்.

புது மாடல் ஒன்றில் ஐந்து வால்வு, இன்னொன்றில் ஆறு. பெயரை மறைத்து விடைத்தாள் திருத்துவோமே, அதுபோல மனைவியைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, மூன்றிலும் ஒரே பாட்டை ஊதினேன்.

“மூணாவதுதாங்க நல்லாருக்கு. அதையே வாங்கிடுங்க.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “அம்மா, அது நீங்க கொண்டு வந்தது!”

“அப்போ வேல முடிஞ்சிது. கெளம்புங்க, பஸ்ஸப் புடிக்கலாம்” என்று எழுந்துவிட்டாள்.

முப்பது வருடம் தேர்வு வைத்தவன், என் தேர்வில் நானே தோற்றேன். மறுகூட்டலுக்கு யாரிடம் விண்ணப்பிப்பது, நண்பர்களே?